கொடையும் கடனும்: கைவிடப்பட்ட மென்பொருள் எழுப்பும் அறக்கேள்வி

விலையின்றிக் கொடுத்த மென்பொருளை எழுதியவர் பாதியில் கைவிட்டால் அது அறப்பிழையா? கொடை கொடுத்தவுடன் முடிகிறது. கடன் தீரும்வரை தொடர்கிறது. கட்டற்ற மென்பொருள் இவற்றில் எது என்பதை லினக்ஸ் டச்பேடின் வரலாற்றில் தெளிவாகப் பார்க்கலாம்.

முன்பு லினக்ஸ் மடிக்கணினிகளில் டச்பேடை இயக்கியது சினாப்டிக்ஸ் டிரைவர். தட்டினால் கிளிக் ஆக வேண்டுமா, ஓரத்தில் விரலை இழுத்தால் பக்கம் நகர வேண்டுமா என்பதையெல்லாம் ஜிசினாப்டிக்ஸ் என்ற செயலியில் குறித்துவிடலாம். அது பகிர்வு நினைவகம் வழியாக டிரைவரிடம் பேசியது. அந்த வழியைத் திறந்துவைத்தால், அதே கணினியில் கணக்குள்ள எவரும் அமைப்புகளை மாற்றிவிட முடியும். டிரைவர் பாதுகாப்பான வேறு வழிக்கு மாறியது, செயலி மாறவில்லை. அதன் நிரலில் ஒரு வரிகூடக் கெடாமலே அது பயனற்றுப்போனது. பிறகு டிரைவரின் முறை வந்தது. அதற்கு மாற்றாக வந்த லிப்இன்புட் 2015-இல் 1.0 பதிப்பை எட்டியது. லினக்ஸ் பணிச்சூழல்களில் ஒன்றான நோம், 2016-இல் வந்த 3.20 பதிப்பில் சினாப்டிக்ஸ் ஆதரவை நீக்கியது.

மென்பொருள் தேய்வதில்லை, சுற்றியுள்ளவை மாறுவதால் பழுதாகிறது. ஆகவே அதைக் கொடுப்பது பாத்திரத்தைக் கொடுப்பது போன்றதன்று, குளம் வெட்டிக் கொடுப்பது போன்றது. குளத்தை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும்.

தூர்வாருவது யார் கடன்? கட்டற்ற உரிமங்கள் உத்தரவாதம் எதையும் தருவதில்லை. வாக்குக் கொடுக்காதவர் வாக்குத் தவறியவர் ஆகார். ஆனால் பிறர் நம்பிப் பயன்படுத்தட்டும் என்றே வெளியிட்டவர், அந்த நம்பிக்கையோடு தமக்கு உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காலமெல்லாம் உழைக்கும் கடன் அவருக்கு இல்லை. விலகுவதைச் சொல்லும் கடனும், அடுத்தவர் தொடர வழிவிடும் கடனும் உண்டு. மூலநிரல் திறந்திருப்பது இரண்டாவதை நிறைவேற்றுகிறது. முதலாவதை மனிதர்தான் நிறைவேற்ற வேண்டும்.

புதிதாகப் பொறுப்பேற்பவருக்கும் ஓர் அறம் உண்டு: காக்க முடிந்த அளவே கொடுப்பது. ஆம், இல்லை என்ற பத்துத் தெரிவுகள் 1,024 சேர்க்கைகளைத் தரும். அத்தனையும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். லிப்இன்புட் தெரிவுகளைக் குறைத்தது இதனால்தான். விரலை வட்டமாகச் சுழற்றிப் பக்கத்தை நகர்த்தும் பழைய வசதி அதில் இல்லை. அதற்குப் பழகிய விரல்களுக்கு அது உண்மையான இழப்பு. அதை இழப்பென்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

பெறுபவருக்கும் பங்கு உண்டு. பல லினக்ஸ் வெளியீடுகளில் லிப்இன்புட்டின் அமைப்புக் கோப்பின் பெயர் 40 என்ற எண்ணிலும் சினாப்டிக்ஸ் கோப்பின் பெயர் 70 என்ற எண்ணிலும் தொடங்குகின்றன. கோப்புகள் எண் வரிசையில் படிக்கப்படும், பின்னால் படிக்கப்படுவதே செல்லும் என்பதால், இரண்டும் நிறுவப்பட்டிருந்தால் டச்பேட் பழைய டிரைவரிடமே போகும். புதியதை நிறுவினால் மட்டும் போதாது. பழையதை நீக்கவும் வேண்டும். கொடுத்தவர் விலகிய பின் அந்த வேலை பயன்படுத்துபவரின் கடன்.