பிறர் ஊட்டிய ஆசை நமதாகுமா?

ஒருவரது ஆசை எப்பொழுது அவருடையதாகின்றது? கேட்ட அளவில் இஃது ஏட்டறிஞர்க்குரிய வினாப்போலத் தோன்றும். ஆயினும், ஐந்தாம் படிவம் முடித்த மகளையோ மகனையோ வைத்துக்கொண்டு, இனி என்ன படிப்பு, என்ன தொழில் என்று ஆராய்கின்ற காப்பார், கிள்ளான் பெற்றோர் ஒவ்வொருவரும் இவ்வினாவின் எதிரேதான் நிற்கின்றனர். மகள் பொறியியல் படிக்க விரும்பினால், “அது அவள் ஆசையன்று, தொலைக்காட்சி கொடுத்த ஆசை” என்கிறார் தந்தை. பெண்ணுக்கு அவ்வளவு படிப்பு எதற்கு என்று தாம் எண்ணுகின்றாரே, அவ்வெண்ணத்தைத் தமக்குக் கொடுத்தவர் யார் என்று அவர் கேட்பதில்லை.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கிற்று. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த பின்னர், சென்னைத் தொடர்கள் தோட்டத்து லயங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் இரவுதோறும் புகுந்தன. இன்று அவை கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றுட் பல கற்பிக்கும் பாடம் யாது? நல்லவள் பொறுத்துக்கொள்வாள், பொருளும் அதிகாரமும் நாடுகிறவள் குடிகெடுப்பாள், ஆண்மகன் அதட்டுவான். பதினான்கு வயதுப் பெண் இதனை நாடோறும் கண்டால், தன் விருப்பத்தைச் சொல்வதே குற்றமென்று கருதக்கூடும். அவள் தம்பிக்கு நேரும் கேட்டைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. உரத்த குரலே ஆண்மை எனவும், நோயாளியைப் பேணும் தொழிலும் குழந்தைகளுக்குப் பாடஞ்சொல்லும் தொழிலும் தனக்கு இழுக்கு எனவும் அவனும் கற்கிறான்.

வியப்பு யாதெனின், வீட்டைத் தாண்டாத பெண்ணை நம் முன்னோர் மரபு என்று இத்தொடர்கள் காட்ட, நாமும் நம்பிவிடுகின்றோம். தோட்டத்துக் கிராணியாகப் பேரேடு புரட்டுகின்ற எனக்கு இது நகைப்பையே தருகின்றது. நம் பாட்டிமார் விடியுமுன் சமைத்துவைத்து, பெரட்டில் நின்று, பால் வெட்டியும் புல் பிடுங்கியும் கூலி பெற்றவர்கள். 1920-களின் இறுதியில் அரசாங்கம் வரையறுத்த கூலியில், முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவர்களுக்கிழைத்த அநீதி வேலையை மறுத்ததன்று. கூலியைக் குறைத்ததும், வீட்டுச் சுமை முழுதையும் அவர்கள் தலையிலேயே வைத்ததுமாகும். உழைத்த பெண்ணின் பேத்திக்கு உழையாமையே மரபு என்று சொல்வது வரலாறு ஆகாது.

இது நிற்க. தொலைக்காட்சியை முற்றும் பழிப்பதும் நேர்மையன்று. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களின் கிராமங்களை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கேபிள் தொலைக்காட்சி புகுந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது தகும் என்னும் எண்ணமும், ஆண் குழந்தையே வேண்டும் என்னும் விருப்பமும் பெண்களிடையே குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. 2003-இல் தொடங்கிய ‘கோலங்கள்’ தொடரில் கட்டடத் தொழில் நடத்திய அபியைக் கண்டு நிமிர்ந்த பெண்களும் இருப்பர்.

ஆனால், காட்டுபவர் கருதியதையே காண்பவர் கொள்வர் என்பதும் உறுதியில்லை. 1984-இல் டில்லித் தூரதர்ஷன் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’ தொடரில், பகவந்தி என்னும் தாய் அடங்கி அடங்கித் தன்னை இழப்பவளாக, எச்சரிக்கைக்கென்றே படைக்கப்பட்டாள். பார்த்த பெண்களுட் பலரோ அவளையே பின்பற்றத்தக்கவளாகக் கொண்டனர் என ஆய்வாளர் எழுதினர். 2022 முதல் 2024 வரை வந்த ‘எதிர்நீச்சல்’ தொடர், படித்த மருமகள்களை அடுக்களையில் அடைத்த ஒரு குடும்பத்தைக் கண்டித்தது. அக்கொடுமையாளரது அதட்டற்பேச்சோ வேடிக்கை வசனமாய் ஊரெங்கும் பரவிற்று. ஆதலின், பெட்டி பல காட்டினும், தன் வீடு நம்பத்தக்கது என்று பழக்கிவைத்ததையே பிள்ளை எடுத்துக்கொள்கின்றது.

அங்ஙனமாயின் ஆசை எவருடையது? நம் மொழியும், சுவையும், நம்பிக்கையும் பிறர் தந்தவையே. எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு ஆசையை அளக்கலாகாது. அளவைகள் இரண்டுண்டு. ஏன் என்று கேட்டால் அது விடை சொல்லுமா? ஏனைய வழிகளையும் கண்டபின் எழுந்ததா? அபியைப் பார்த்துப் பொறியியலை விரும்பிய பெண், கணக்கோடு ஈராண்டு போராடியும் அதனை விடவில்லையெனில், அவ்வாசை அவளுடையதே. வேறு வழிகளையும் அறிந்து, இல்லத்திலிருப்பதே எனக்கு உவப்பு என்பவளை இகழவும் நமக்கு உரிமையில்லை. வேறு வழியையே காட்டாது வளர்த்துவிட்டு, இதுவே அவள் விருப்பம் என்று கூறுவதுதான் பொய்.

பால் வேறுபாடு கருதி ஒதுக்கலாகாது என 2001-இல் நம் அரசியலமைப்பின் 8-ஆம் விதி திருத்தப்பட்டது. நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. இருந்தும், அண்மை ஆண்டுகளில் உழைக்கும் வயதுடைய பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களிலோ நூற்றுக்கு 80-க்கு மேல். சட்டம் திறந்த கதவை வீடு சாத்துகின்றது.

பெட்டியை உடைப்பதாற் பயனில்லை. கைப்பேசியை எத்தனை நாள் ஒளித்துவைப்பது? பிள்ளைகளோடு உடனிருந்து பாருங்கள். வேலைக்குப் போகும் பெண்ணையே ஏன் வஞ்சகியாகக் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையைக் குறுக்கிடாமற் செவிமடுங்கள். அன்றியும், தொடர் ஓடும்போது அண்ணன் சாய்ந்திருக்க, கணக்குப் போடும் தங்கையைத் தட்டுக் கழுவ அழைக்கும் வழக்கத்தை இன்றிரவே விடுங்கள். அவ்வழக்கம் உள்ள வீட்டிற்குத் தொலைக்காட்சி புதிதாகக் கற்பிக்க வேண்டுவது ஒன்றுமில்லை. பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.