கோட்டைக்கு வெளியே

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் இப்போதெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெயர் முதலில் வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டால் கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த தெருக்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையில் எஞ்சிய சுவர்கள். பிறகு பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை, அதையும் தாண்டினால் காரைக்கால், நாகப்பட்டினம். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கரையில் ஐரோப்பாவின் ஐந்து நாட்டவர் வந்து இறங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி நம் பக்கத்தில் இல்லை என்பேன்.

புறப்படும் முன் நாம் போடும் பட்டியலில்தான் எனக்கு மனக்குறை. தாளின் நடுவில் கோட்டை, ஆளுநர் மாளிகை, தேவாலயம், கல்லறைத் தோட்டம் என்று எழுதுகிறோம். ‘அருகில் பார்க்க வேண்டியவை’ என்று கோவில், மீனவர் குப்பம், நெசவு ஊர் எல்லாவற்றையும் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். நேரம் போதாமல் போனால் முதலில் அடித்துவிடுவது அந்த ஓரத்தைத்தான். கோட்டையைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் திரும்புகிறோம். கோட்டை ஏன் அங்கே எழுந்தது என்ற கேள்விக்கு விடை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வரிசை தலைகீழானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்வோம். 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. டேனிஷ்காரர்கள் அப்போது நாட்டை வென்றவர்களாக வரவில்லை. தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டி ஒரு துண்டுக் கரையில் இருக்க இடம் பெற்றவர்கள். இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் என்றாலே படையோடு வந்து பிடித்தவர் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். 1845இல் டென்மார்க் இந்த ஊரை வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. குடியிருந்தவர்களோடு சேர்த்து ஒரு ஊரே கைமாறியது.

கோட்டைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மேல்தளத்துக்குத்தான் ஓடுவார்கள். அங்கே காற்றும் கடலும் இருக்கின்றன. சற்று நேரம் ஓடட்டும். பிறகு கீழே அழைத்துவந்து வளைவுக் கூரை போட்ட அறைகளைக் காட்டுங்கள். மேலே ஆளுநரும் பெரிய வணிகர்களும் பாதிரியாரும் வாழ்ந்தார்கள். கீழே சரக்கறைகளும் சிறையும் இருந்தன. கோட்டை என்றதும் நம் மனம் போரை நினைக்கிறது. இந்தக் கரையில் நின்ற ஐரோப்பியக் கோட்டைகள் பெரும்பாலும் சுவர் எழுப்பிய கிடங்குகளாகத்தான் தொடங்கின. கிடங்கில் நின்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே எதை வைத்துப் பூட்டினார்கள்?

மிளகை எண்ணி வந்தவர்கள் உண்டு. ஆனால் சோழமண்டலக் கரையின் உண்மையான செல்வம் பருத்தித் துணி. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்கிந்தியத் தீவுகளில் மக்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலத்தில் நெய்து சாயமேற்றிய துணியை. கையில் துணி இருந்தால்தான் அங்கே வாசனைப் பொருள் வாங்கலாம். வாசனைப் பொருள் இருந்தால்தான் ஐரோப்பாவில் லாபம். இதைப் புரிந்துகொண்ட டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். பின்னாலேயே வேறு ஐரோப்பியரும் வந்தார்கள். மரக்கலங்கள், பீரங்கிகள், ஒப்பந்தங்கள், ஆளுநர்கள் என்ற அத்தனை ஏற்பாட்டின் வேரிலும் உள்நாட்டு ஊர் ஒன்றில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த நெசவாளி இருந்தார். பருத்தி விளைவித்தவர், நூல் நூற்ற பெண்கள், சாயவேர் தோண்டியவர், துணியைத் துவைத்து வெளுத்தவர், மூட்டையைத் தலையில் சுமந்து அலையில் இறங்கிப் படகேற்றியவர் என்று அவரைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது. தறி இல்லையென்றால் அங்கே கிடங்குக்கு வேலை இல்லை, கிடங்கு இல்லையென்றால் சுவருக்கும் வேலை இல்லை.

நாம் ‘அருகில் உள்ளவை’ என்று ஓரத்தில் எழுதியதுதான் நடு. கோட்டை அதன் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கடலோரம் நிற்கும் அந்தக் கட்டடத்தில் வந்தவர்களின் வசதி தெரியும். அவர்களை வரவைத்த திறமையைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே, ஆற்றோர ஊர்களுக்குள் போக வேண்டும்.

தரங்கம்பாடியைப் போலவே கடலூரிலும் குடியிருந்தவர்களோடு சேர்த்து நிலம் கைமாறியது. 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. இந்தக் கதையைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் கண்ணை விரிக்கும். அப்போதே இன்னொரு கேள்வியையும் போட்டுவையுங்கள். அன்று காலை வயலில் நின்றவர் மாலையில் வேறொருவரின் குடியாகிவிட்டாரே, அவரை யாராவது கேட்டார்களா? விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நாகப்பட்டினத்தில் சொல்ல வேண்டியது கனமானது. அதைத் தவிர்க்க எனக்கு மனம் வரவில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் அந்தத் துறைமுகத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பீஜப்பூர்ப் படைகளின் சூறையாடலால் தஞ்சை நாடு பஞ்சத்தில் வீழ்ந்தது. பசியில் மனிதர்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றார்கள். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை அடிமைகளாக வாங்கியது என்று வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும் மற்றவர்கள் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். காவிரி பாயும் மண்ணில் பிறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று நட்ட ஒரு கல்லை நான் நாகையில் பார்த்ததில்லை. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர்களின் கல்லறைகளில் அழகான சிற்ப வேலையும் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. பாதுகாக்கத்தான் வேண்டும். ஊர் திரும்ப முடியாமல் அந்நிய மண்ணில் மாண்டவர்களுக்காகவும் வருந்தலாம். அந்தக் கற்களின் முன் நிற்கும்போது, கல் கிடைக்காதவர்களையும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்குவார்கள். நாம் நினைப்பதைவிட அவர்கள் திடமானவர்கள்.

புதுச்சேரியில் நமக்கென்று ஒரு சாட்சி இருக்கிறார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், சரக்கு விலையும், ஆளுநர் மாளிகையின் கோபதாபங்களும், ஊர்ச் சண்டையும் அதில் உண்டு. 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நாட்களில், பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோவிலை இடித்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இன்று மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உள்ள தெருக்களில் நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். எடுக்கலாம், அழகான தெருக்கள்தான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் அந்தக் கோவில் இருந்தது. ரங்கப் பிள்ளையின் வீடும் அவர் பெயர் தாங்கிய தெருவில் இன்னும் நிற்கிறது. கடற்கரைக்குப் போகும் முன் அந்த வாசலில் பத்து நிமிடம் நிற்காமல் புதுச்சேரியைப் பார்த்ததாக நான் ஒப்ப மாட்டேன்.

கோட்டையை விட்டு வெளியே வந்த ஒரு வெளிநாட்டவரையும் சொல்ல வேண்டும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகினார். அவரை அனுப்பியது டென்மார்க் அரசர். அப்படியிருந்தும் ஊரிலிருந்த டேனிஷ் ஆளுநர் 1708இல் அவரைப் பிடித்துக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் அமைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. நம் தெய்வங்களைப் பற்றி ஊராரிடம் கேட்டுக் கேட்டு அவர் 1713இல் எழுதிய நூலை மேலிடத்தார் விரும்பவில்லை. அது 1867இல்தான் அச்சேறியது. புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டியெழுப்பிய மறு ஆண்டே, 1719இல், 36 வயதில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவருடைய மதப் பணியைப் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். மண்ணை அறிய அவர் தேர்ந்த வழி சரியானது: சுவரைத் தாண்டினார், மக்களிடம் கேட்டார், அவர்கள் மொழியில் கேட்டார். சொந்த மண்ணைப் பார்க்கப் போகும் நமக்கும் வேறு வழி இல்லை.

தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்து சில நிமிட நடையில் கடலோரம் மாசிலாமணி நாதர் கோவில் இருக்கிறது. பாண்டியர் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் சுனாமியாக எழுந்து இந்த ஊர் மீனவர் குடியிருப்புகளைச் சூறையாடியது. வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் “ஐயா, சௌக்கியமா?” என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்பதை அவரே கைகாட்டிச் சொல்வார்.

இனி நடைமுறை. ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். இந்தக் கரையில் அடைமழைக் காலம் அது. சித்திரை வெயிலில் பெரியவர்கள் துவண்டுவிடுவார்கள். தை, மாசி நல்ல காலம். ஒரே நாளில் நான்கு கோட்டை என்று திட்டம் போட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் தரங்கம்பாடியிலிருந்து எட்டு கிலோமீட்டர் போல இருக்கும் திருக்கடையூரை விட்டுவிட முடியாது. அங்கே அறுபதாம் கல்யாணக் கூட்டம் எப்போதும் இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

தறியைப் பார்க்கவும் வழி இருக்கிறது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டிலிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த கூறைப்புடவைக்குப் பெயர் பெற்ற ஊர் கூறைநாடு. இன்று அங்கே தறிகள் அரிது, விசாரித்துக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் கும்பகோணம் வழியில் திருபுவனம் இருக்கிறது, அங்கே பட்டுத் தறிகள் ஓடுகின்றன. காலை நேரத்தில் ஒரு நெசவாளியின் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அனுமதி கேட்டு உள்ளே போய், ஒரு முழம் துணி நெய்து முடியும் வரை உட்காரவையுங்கள். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், முடிந்தால் அவரிடமே ஏதாவது வாங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டைக்குப் போகலாம்.