தண்ணீருக்கென்று விட்ட இடம்



ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாளை நாம் சீக்கிரமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அன்று சர்வேசுரன் நீரை ஓரிடத்தில் சேரும்படி கட்டளையிட்டார். அதன் பிறகே தரை தெரிந்தது. முதலில் நீருக்கு இடம், பின்பு மனிதனுக்கு நிலம். சென்னைப் பட்டணத்தில் நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினோம்.

1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பேர் மட்டும் நிற்கிறது. அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் சேற்று நிலத்துக் காற்றே காய்ச்சலைக் கொண்டுவரும் என்று படித்தவர்களும் நம்பிய காலம் முடிந்து அப்போது அதிக வருஷம் ஆகவில்லை.

பள்ளிக்கரணையின் கதைக்கு அந்தச் சாக்கும் இல்லை. அது நம் கண்முன் நடந்தது. பெரியோர் அதைக் கழிவெளி என்றார்கள். சுற்றிலுமுள்ள ஏரிகளில் மிஞ்சின நீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாய்ப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில் கடல் சேரும். நாமோ அதை ஒன்றுக்கும் உதவாத நிலமென்று எண்ணினோம். எண்ணின பின் என்ன தடை? குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், மாடி வீடுகள் கட்டினோம். 2007-ல் அதில் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஈர நிலமாக உலகப் பட்டியலில் ஏறிற்று. நிலம் மாறவில்லை, நாம் அதைப் பார்க்கும் பார்வைதான் மாறிற்று. அதற்குள் பாதிக்கு மேல் வீட்டு மனையாகிவிட்டது!

2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்தது. அதே ஆண்டில்தான் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சீஸ் 'லவ்தாத்தோ சீ' என்ற நிருபத்தை வெளியிட்டு, பூமிக்குச் செய்யும் தீங்கு முதலில் ஏழையின் தலையில் விழுகிறதென்று எச்சரித்திருந்தார்.

அந்த வெள்ளத்துக்குப் பின் வசதியுள்ளவர்கள் என்ன செய்கிறோம்? வீட்டை நான்கடி உயர்த்துகிறோம். வாசல் முதல் கொல்லை வரை சிமெண்டு பூசுகிறோம். நம் மனையில் இறங்க வேண்டிய மழை, மதிலைத் தாண்டிப் பக்கத்துக் கூரை வீட்டுக்குள் புகுகிறது. பிறன் பொருளை எடுப்பது பாவமென்று குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கிறோம். நம் வெள்ளத்தைப் பிறன் வீட்டுக்குத் தள்ளுவதை ஆத்தும சோதனையில் யார் நினைக்கிறார்கள்? மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தை மட்டும் பாராமல், அது முன்பு ஏரியா வாய்க்காலா என்று அவ்வூர்க் கிழவர் ஒருவரையும் கேட்டுப் பாருங்கள்.

கோவில் முற்றம் முழுவதும் கல் பாவ வேண்டுமென்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். திருநாள் கூட்டத்தில் சேறு மிதிப்பது சிரமந்தான். கெபிக்குப் போகும் நடைபாதைக்கு மட்டும் கல் போடுவோம். வேப்பமரத்தடி மண்ணாகவே இருக்கும்.