மூன்று நாளுக்கு மேல்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவர்கள், நாலாம் நாள் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வியன்னாவில் அண்ணன் மகள் வீட்டில் ஜாகை போட்டுக்கொண்டு, அங்கிருந்தபடியே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவானதிலிருந்து எனக்கு இதே யோசனை.

என் கணவருடைய திட்டம் வேறாக இருந்தது. பதினைந்து நாள், பத்து நாடு. தினமும் விடியற்காலையில் பெட்டியைக் கட்டு, பஸ்ஸில் ஏறு. "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாமே" என்பது இவர் கட்சி. வசதியை வைத்துப் பார்த்தாலும் என் கட்சி இளைத்ததில்லை. அண்ணன் மகள் குடியிருப்பது ஃபாவரிட்டன் என்கிற பத்தாவது வட்டாரம். தலைமை ரயில் நிலையம் அங்கேயே இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், செக் நாட்டு பர்னோ ஒன்றரை மணி, சால்ஸ்பர்க் இரண்டரை, புடாபெஸ்ட் இரண்டே முக்கால். பல நாட்டுக்குப் போகிறவர்கள் எங்கே அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்கவும் முடியாது. ஆக, உன் ஊர் எது, எத்தனை நாளுக்கு என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு குருமடத்தின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டேன். நான் சைவக் குடும்பம். ஆனாலும் பாதிரியார் ஆகப் படிக்கிற பையன்கள் எடுத்துப்போகிற புத்தகங்களைத் திரும்பி வந்ததும் நானும் புரட்டுவேன். அப்படிப் படித்ததுதான் புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற விதிநூல். முதல் அத்தியாயத்திலேயே துறவிகளை நான்கு வகையாகப் பிரித்துவிட்டு, ஊர்சுற்றிகளைக் கடைசியில் வைக்கிறார். மடத்துக்கு மடம் மூன்று நாள், நான்கு நாள் என்று விருந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறவர்கள். அவர்கள் மேல் அவருக்கு இருக்கிற கோபம் வேறு எந்தக் கூட்டத்தின் மேலும் இல்லை. தம் துறவிகளிடம் அவர் கேட்கிற வாக்குறுதிகளில் ஒன்று, சேர்ந்த மடத்திலேயே கடைசிவரை நிலைத்திருப்பது.

அதற்கும் முன்னால், கிறிஸ்தவத்தின் தொடக்க காலத்தில் எழுதப்பட்ட திதாக்கே என்ற சிறு நூல் இன்னும் கறார். ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், அவசியமென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் ஆள் போலி. சாதாரண வழிப்போக்கருக்கு இரண்டு, மூன்று நாள் சலுகை உண்டு. அதற்கு மேல் இருக்க நினைத்தால் கைத்தொழில் செய்து சாப்பிட வேண்டும். நம் பழமொழிக்கு மிச்சத்தை எழுதிவைத்தது போல எனக்குப் பட்டது.

நம் பக்கத்துச் சந்நியாசிக்கோ விதி நேர் எதிர். கிராமத்தில் ஓர் இரவு, நகரத்தில் ஐந்து இரவு என்று சில நூல்கள் சொல்கின்றன. மழைக்காலச் சாதுர்மாஸ்யம் தவிர ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் பற்று வந்துவிடும். பௌத்த பிக்குகளின் மழைக்கால வாசமும் சமண முனிவர்களின் வழக்கமும் இதே போக்கில்தான். ஒரு மதம் ‘நகராதே’ என்கிறது, இன்னொன்று ‘தங்காதே’ என்கிறது. எது சரி? இரண்டும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: மனசு தன் இஷ்டத்துக்கு ஆடுவதற்கு. ஊர்சுற்றி, எந்த இடத்திலும் தொந்தரவு தொடங்குமுன் தப்பித்துவிடுகிறான். தங்கிவிட்டவன் சுகமான மூலையைப் பிடித்துக்கொள்கிறான். மருந்து ஆளுக்கு ஆள் மாறும். ஓய்வூதியத்தில் ஊர் பார்க்கக் கிளம்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டின் மேல் பற்றா பெரிய வியாதி? பார்த்ததும் சலித்து, அடுத்தது என்ன என்று கேட்பதுதான் வியாதி. அதற்குப் பெனடிக்ட்தான் சரியான வைத்தியர்.

வியன்னாவில் இந்த விவகாரம் ஒரு படிவமாக என் கைக்கு வந்தது. ஆஸ்திரியாவில் யார் வீட்டிலாவது மூன்று நாளுக்கு மேல் தங்கினால் பதிவு அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். மெல்டெட்செட்டல் என்று ஒரே ஒரு தாள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகவரி. நடுவில் மதம் என்ன என்று ஒரு கட்டம். "அத்தை, அது கட்டாயமில்லை, விட்டுடுங்க" என்றாள் அண்ணன் மகள். நான் சைவம் என்று ரோமன் எழுத்தில் எழுதிவைத்தேன். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் வருவது எனக்குப் பழக்கமில்லை. கீழே இடம் கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், அவள் போட்டாள். இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்கிற கையெழுத்து.

அந்தக் கையெழுத்தின் விலை மெல்க் போனபோது புரிந்தது. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டான்யூப் கரைப் பாறை மேல் மஞ்சள் மாளிகை மாதிரி நிற்கிற பெனடிக்டின் மடம். 1089 முதல் துறவிகள் அங்கேயே இருக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டில் யாக்கோப் பிராண்ட்டவர் கட்டியது. நூலகத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்கள் என்கிறார்கள். ஒரே நிறத் தோல் அட்டையும் தங்க எழுத்துமாக அடுக்கியிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் தொழில்காரிக்குத் தொட முடியாத புத்தகத்தைப் பார்ப்பதில் பாதி எரிச்சல். கோயிலுக்குள் ஒரு பக்கப் பீடத்தில் கோலொமான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அயர்லாந்துக்காரர், ஜெருசலேமுக்குக் கிளம்பிய யாத்திரிகர். வியன்னாவுக்குப் பக்கத்தில் ஸ்டோக்கரவ் என்ற ஊரில், 1012இல், விசித்திர உடையும் புரியாத பேச்சுமாக வந்தவரை ஒற்றர் என்று பிடித்தார்கள். அவருக்கு அந்த ஊர் மொழி தெரியாது. தெரிந்தவர் என்று சொல்லவும் ஆளில்லை. தூக்கில் போட்டுவிட்டார்கள். உடல் அழியவில்லை என்று பேச்சு பரவி, 1014இல் மெல்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பிறகு 1663 வரை ஆஸ்திரியாவின் பாதுகாவலப் புனிதர் அவர்தான். ஊர்சுற்றிகளைத் திட்டிய பெனடிக்டின் பிள்ளைகள், வழியில் செத்த ஒரு வழிப்போக்கரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்று எழுதியவரும் அதே பெனடிக்ட்தான்.

சரி, நாலாம் நாளுக்கு மேல் ஊர் என்ன கேட்கிறது? பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் குடியிருப்பில் துணி துவைக்கப் பொது அறை உண்டு. சுவரில் தொங்கும் தாளில் பெயர் எழுதி நேரம் பிடிக்க வேண்டும். குப்பையில் காகிதம் தனி, காய்கறித் தோல் தனி. கண்ணாடிக்கே இரண்டு தொட்டி: நிறமில்லாதது ஒன்றில், நிறமுள்ளது இன்னொன்றில். இவர் ஒரு பச்சை பாட்டிலை வெள்ளைத் தொட்டியில் போட்டுவிட்டார். எதிர்வீட்டுக் கிழவி பார்த்துவிட்டாள். தினமும் ‘கிரூஸ் கோட்’ என்று வணக்கம் மட்டும் சொல்லிப் போகிறவள், அன்று படிக்கட்டில் நிறுத்தி, பாட்டிலையும் தொட்டியையும் மாறி மாறிக் காட்டி, மூச்சு விடாமல் திட்டினாள். இவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். விருந்தாளியை யாராவது திட்டுவார்களா? பத்து நாடு பார்த்துத் திரும்புகிறவர்களிடம் எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவரும் திட்டமாட்டார்கள்.

இதிலும் பொய் உண்டு என்று இவர் மடக்கினார்: "ராத்திரி மட்டும்தான் நீ துறவி. பகல்ல பிராட்டிஸ்லாவாவை அரை நாள்ல முடிச்சுட்டு வந்தியே, அது என்ன?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: எல்லா ஊருக்கும் யாராலும் கடன்பட முடியாது. ஓர் ஊரில் கடன்பட்டிருந்தால், மற்ற ஊர்களில் ‘நான் விருந்தாளி’ என்பதை மறக்காமல் நடக்க வரும். அங்கே கோட்டை எப்படி, காபி எப்படி என்று தீர்ப்புச் சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். வெளியூர் போய்வந்த துறவி தான் பார்த்ததையும் கேட்டதையும் மடத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் பெனடிக்ட் ஒரு விதி வைத்திருக்கிறார். அதை அமல்படுத்தினால் பயணக் கட்டுரைகள் அத்தனையும் போய்விடும், இது உட்பட.

ஒரே ஊரில் முகாம் போட்டுச் சுற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது எந்த ரயிலும் இல்லாமல் விடுங்கள். அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். வியன்னாவில் அன்று பெரும்பாலான கடைகள் திறக்காது; பாலும் காய்கறியும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வாங்கிவிட வேண்டும்.