கூலியும் பலனும்: கடல்கடந்து வரும் சிற்பியும் கோவில் கட்டுவோரும்

ரொறன்ரோ பெருநகரில், குறிப்பாக ஸ்காபரோவிலும் அதற்கு வடமேற்கே ரிச்மண்ட் ஹில்லிலும், கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த தமிழ்க் கோவில்கள் பலவற்றின் விமானங்களையும் இராசகோபுரங்களையும் செய்தவர்கள் அந்நகரத்தவர் அல்லர். மாமல்லபுரத்திலும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் பரம்பரையாகத் தொழில் கற்று, கோவில் நிர்வாக சபைகள் அழைத்ததன்பேரில் வந்து, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ தங்கிப் பணி முடித்துத் திரும்பிய ஸ்தபதிகளும் சிற்பிகளுமே அவர்கள். இந்த அழைப்பு ஒரே நேரத்தில் இரண்டு ஒழுங்குகளுக்கு உட்படுகிறது. கனடியச் சட்டத்தின் பார்வையில் அழைக்கும் சபை வெளிநாட்டுத் தொழிலாளரைப் பொறுப்பேற்று வரவழைக்கும் ஒரு வேலைகொள்வோர். ஆகமத்தின் பார்வையிலோ அது யஜமானர், அதாவது எவருக்காகக் கிரியை செய்யப்படுகிறதோ, எவரைக் கிரியையின் பலன் சென்றடைகிறதோ அவர். முதல் ஒழுங்கில் ஏற்படும் கடன் தீராதிருக்க, இரண்டாவது ஒழுங்கில் கிடைக்கும் பலன் மட்டும் நிலைக்குமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

அழைப்புக்கான தேவை உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தெய்வ உருவங்கள் தாலமானம் என்னும் அளவுமுறைப்படி அமைகின்றன. உருவத்தின் முக நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு உடல் முழுவதையும் அதன் மடங்குகளாகப் பகுப்பது இம்முறை. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலப் பகுப்பு, விதிக்கப்பட்டிருக்க, பிள்ளையாருக்குப் பஞ்சதாலமே பொருந்துகிறது. கோபுரத்தில் உள்ள உருவங்கள் பெரும்பாலும் சுதையால் ஆனவை. செங்கல் உடலின்மேல் கம்பி கட்டி, சாந்தை அடுக்கடுக்காக அப்பி, ஈரம் உலர்வதற்குள் கரண்டி முனையால் கண்ணிமையும் நகமும் ஆடை மடிப்பும் இழைப்பது அந்த வேலை. வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்கினால் சிமெந்துச் சாந்து சரியாக இறுகுவதில்லை; ஒன்டாரியோவிலோ ஆண்டின் ஏறத்தாழ பாதி அப்படிப்பட்டது. எனவே சாரத்தின்மீது நிற்கும் சிற்பிக்குக் கிடைப்பது ஒரு குறுகிய கோடைகாலமே. அக்கோடைக்குள் பணி முடிய வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்துதான் பின்னர் பேசப்படும் சிக்கல்களில் பாதி பிறக்கின்றன.

கனடாவின் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டம் 1973இல் தொடங்கியது. 2014 முதல் வேலைகொள்வோர் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீடு என்னும் ஒப்புதலைப் பெற வேண்டியுள்ளது. அந்த வேலைக்கு உள்நாட்டில் தகுந்தவர் கிடைக்கவில்லை என்பதைக் காட்டுவதே அதன் சாரம். ஓர் இடத்துக்கு ஆயிரம் டொலர் என்ற அதன் கட்டணத்தைத் தொழிலாளரிடமிருந்து திரும்பப் பெறுவது குற்றம். ஒன்டாரியோ மாகாணம் 2009இல் இயற்றி, 2015இல் எல்லா வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் விரிவாக்கிய சட்டம், ஆள்சேர்ப்புக் கூலி வாங்குவதையும் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதையும் தடுக்கிறது. இத்தனை காப்புகளுக்கும் நடுவில் ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் இருக்கிறது: வழங்கப்படும் வேலை அனுமதி பெரும்பாலும் ஒரே வேலைகொள்வோருடன் பிணைக்கப்பட்டது. அவரை விட்டு விலகும் சிற்பி நாட்டில் வேலை செய்யும் உரிமையையும் அதனுடன் இழக்கிறார். கொடுமைக்கு உள்ளானவர்களுக்குத் திறந்த அனுமதி வழங்கும் ஏற்பாடு 2019 ஜூனில்தான் வந்தது. அதற்கும் கொடுமையை எடுத்துக்காட்டும் சுமை, ஆங்கிலமோ பிரெஞ்சோ அறியாத அந்தச் சிற்பியின் தலையிலேயே விழுகிறது.

ஆகம, சிற்ப நூல்களின் ஒழுங்கு இதைவிடப் பழையது, சில இடங்களில் இதைவிட நுணுக்கமானது. மயமதம், மானசாரம் முதலிய நூல்கள் கட்டடத் தொழிலோரை நால்வகைப்படுத்துகின்றன: முழுமையையும் திட்டமிடும் ஸ்தபதி, நூல் பிடித்து அளவு காக்கும் சூத்திரகிராகி, செதுக்கும் தட்சகன், செதுக்கியவற்றைப் பொருத்தி வளர்க்கும் வர்த்தகி. கும்பாபிஷேகத்தை ஒட்டி நிகழும் நயனோன்மீலனம் என்னும் கண்திறப்பில், பொன் ஊசியால் விழிக்கோடு வரைந்து உருவத்தின் பார்வையைத் திறப்பவர் ஸ்தபதியே. அதன் பின்னர் அவருக்கு உரிய சம்மானம் அளித்து விடைகொடுக்கப்படுகிறது. உளிபட்டதாலும் சிற்பியின் தொடுகையாலும் நேர்ந்த குற்றங்கள் நீங்குவதற்கான சுத்திக் கிரியைகள் தொடர்கின்றன. ஈழத்து மரபில் அதற்கு அடுத்து வரும் எண்ணெய்க்காப்பு நாளில் ஊரார் அனைவரும் வரிசையில் நின்று அந்தத் திருமேனியைத் தொட்டு எண்ணெய் சாத்துகிறார்கள். உருவத்தைச் செய்த கை கழுவப்பட்ட பிறகு, செய்யாத கைகள் ஆயிரம் அதைத் தொடுகின்றன. இதில் சாதியின் தடம் இருப்பதை மறைக்க முயலும் விளக்கங்கள் எதுவும் நேர்மையானவை ஆகா. எனினும் வரிசை முறையில் ஒரு செய்தி உண்டு: சம்மானமும் விடைகொடுத்தலும் சுத்திக்கு முன்னே வருகின்றன. சிற்பியின் கணக்கு முடியாமல் அடுத்த கிரியைக்குள் நுழைய வழியில்லை.

இந்த வரிசைக்குத் தத்துவ அடிப்படை தேடுவோருக்கு மீமாம்சையே உதவுகிறது. வேதக் கிரியைகளின் பொருளை ஆராயும் அந்தத் தரிசனம் ஒரு கடினமான கேள்வியை எழுப்பியது: வேள்வியில் மந்திரம் சொல்வதும் ஆகுதி இடுவதும் பெரும்பாலும் புரோகிதர்கள்தாம் என்றால், பலன் மட்டும் எப்படி யஜமானரைச் சேரும்? ஜைமினியின் சூத்திரங்களும் சபரரின் உரையும் தரும் விடை வியப்பளிக்கும் அளவுக்கு உலகியல் சார்ந்தது. தட்சிணை ஒரு தானம் அன்று. அது பரிக்கிரயம், அதாவது உழைப்பை விலைக்குக் கொள்ளுதல். விலை கொடுக்கப்பட்டதனால்தான் பிறர் செய்த செயல் யஜமானரின் செயலாகிறது. தட்சிணை கொடாத வேள்வியையும் அன்னம் பகிராத வேள்வியையும் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தாமசம் என்று ஒதுக்குவதும் இதே நோக்கில்தான். இந்த வாதத்தைக் கோவில் திருப்பணிக்கு நீட்டினால், கூலி என்பது புண்ணியத்துக்கு வெளியே நடக்கும் கணக்குவழக்கு அன்று என்பது தெளிவாகும். உபயகாரரின் பெயரில் அந்தப் புண்ணியம் பதிவாவதற்கான பத்திரமே அது. கூலி குறைந்த அளவுக்குக் கோபுரம் அவருடையது அன்று.

சைவ சித்தாந்தி ஒருவர் இங்கே தடை எழுப்பக்கூடும்: கோவில் வேள்விச்சாலை அன்று, அங்கு நிகழ்வது பரார்த்தம், உலகோர் அனைவரின் நன்மைக்கானது, திருப்பணி ஒரு தொண்டு, தொண்டுக்குக் கூலி பேசுவது சிறுமை. இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ரொறன்ரோக் கோவில்களில் விடுமுறை நாட்களில் வந்து சமையற்கூடத்தில் காய்கறி நறுக்குவோரும், தொழில்முறை மின்பணியாளராக இருந்துகொண்டு கட்டணமின்றிக் கம்பி இழுத்துக் கொடுப்போரும் இருக்கிறார்கள். அவர்கள் பணம் கேட்பதில்லை, கேட்டால் தம்மையே அவமதித்ததாக எண்ணுவார்கள். ஆனால் மீமாம்சகர்கள் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். சத்திரம் எனப்படும் நெடுநாள் வேள்வியில் தட்சிணை கிடையாது. ஏனெனில் அங்கு புரோகிதர் அனைவருமே யஜமானர்கள், பலன் அனைவருக்கும் பொது. ஆக, கூலியின்மை பொருந்துவது பலனிலும் முடிவெடுப்பதிலும் சமபங்கு உள்ளவர்களிடையே மட்டுமே. நிர்வாக சபையின் பொதுக்கூட்டத்தில் வாக்கு இல்லாத, கும்பாபிஷேக மலரில் படம் இல்லாத, விரும்பிய நாளில் வேலையை விட்டுப் போகவும் இயலாத ஒருவரைத் தொண்டர் என்று அழைப்பது, அவர் கொடாத ஒன்றை அவர் பெயரால் எடுத்துக்கொள்வதாகும். தன்னுடையதை மட்டுமே ஒருவர் அர்ப்பணிக்க முடியும். பிறர் முதுகுவலியை இறைவனுக்குக் காணிக்கையாக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இது ஏட்டளவில் மட்டும் எழும் ஐயமன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராபின்ஸ்வில் என்னும் இடத்தில் எழுந்த சுவாமிநாராயண் அக்ஷர்தாம் தொடர்பாக 2021 மே மாதம் தொடுக்கப்பட்ட வழக்கில், சமயப் பணியாளருக்கான விசாவில் வரவழைக்கப்பட்ட கல்தொழிலாளர்கள், அவர்களில் பலர் தலித்துகள், மணிக்கு ஒரு டொலர் சொச்சம் என்ற வீதத்தில் உழைக்க வைக்கப்பட்டதாகவும், ஆவணங்களில் தொண்டர்கள் எனக் குறிக்கப்பட்டதாகவும் முறையிட்டார்கள். கோவில் அமைப்பு அதை மறுத்தது. நடுவணரசின் விசாரணை 2025இல் குற்றச்சாட்டு எதுவும் பதியப்படாமல் முடிவுற்றது. ரொறன்ரோவிலும் 2018இல், தமிழ்நாட்டிலிருந்து ஒரு கோவிலுக்கு வந்த சிற்பிகள் நால்வர் நீண்ட வேலைநேரம், நிலவறைத் தங்கல், போதாத உணவு ஆகியவை பற்றி முறையிட்டது செய்தியானது. அங்கும் கோவில் தரப்பு மறுத்தது. எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. இரண்டிலும் ஒரே கேள்வியே எழுந்தது என்பதுதான் கவனத்துக்குரியது: அந்த உழைப்பு பக்தியா, வேலையா? உழைத்தவர் விலகிச் செல்லும் சுதந்திரத்தோடு இருந்திருந்தால் இக்கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்காது. அவரே விடை சொல்லியிருப்பார்.

சைவ இலக்கியம் அடிமை என்னும் நிலையைப் போற்றுகிறது என்பதை இங்கு எதிர்வாதமாகக் காட்டுவோர், அந்த அடிமை யாருக்கு என்பதை விட்டுவிடுகிறார்கள். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரருக்கு எதிராக ஆள் ஓலையை நீட்டியவர் சிவபெருமான். அதையும்கூட ஊர்ச்சபை கையெழுத்தை ஒப்புநோக்கிச் சரிபார்த்த பிறகே ஏற்றது. சிவனுக்கு ஆளானவர் மன்னனுக்கு ஆளல்லர் என்று பல்லவனின் ஏவலாளரிடம் அப்பர் உரைத்ததும் இதே மரபில்தான். நிர்வாக சபை எதுவும் அந்த ஓலைக்கு உரிமை கோர முடியாது.

திருவிளையாடற் புராணத்தின் வந்திக் கதை இன்னும் நெருக்கமானது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத கிழவி வந்திக்குக் கூலியாளாக வந்தவர் இறைவனே. கூலி உதிர்ந்த பிட்டு. அதுவும் வேலைக்கு முன்பே கொடுக்கப்பட்டது. வந்த ஆள் தின்றார், பாடினார், உறங்கினார், கரையை அடைக்கவில்லை. அரசன் பிரம்பால் அடித்தான். அடி அரசன் முதுகு உட்பட எல்லா உயிர்கள்மீதும் விழுந்தது. இக்கதையில் ஆளை வேலைக்கு அமர்த்துவோர் இருவர். வறியவளாயினும் பேசிய கூலியைக் கொடுத்த வந்தி சிவலோகம் சேர்கிறாள். கரை உயர வேண்டும் என்ற அவசரத்தில் கை ஓங்கியவன் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறான். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படும் இக்கதையைக் கோவில் நிர்வாகிகள் எவரும் கேளாதிருக்க மாட்டார்கள். அதைத் தொழிலாளர் சட்டமாக வாசிப்போர்தாம் குறைவு.

ஆளை வரவழைக்காமல் கல்லை வரவழைக்கும் வழியும் உண்டு. ரொறன்ரோவின் வடமேற்கு விளிம்பில் 2007 ஜூலையில் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோவிலின் ஏறத்தாழ 24,000 கற்கள் இந்தியாவில் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்பட்டன. சுதைக் கோபுரத்துக்கு இவ்வழி உதவாது. மேலும், செதுக்கும் இடம் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போவதால் யஜமானரின் கடன் தொலைந்துவிடுவதில்லை; அதைக் கேட்கும் வாய்கள்தாம் குறைகின்றன. அதைவிட, 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோவிலில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயர் பட்டத்தோடு கல்லில் ஏறியிருப்பது பின்பற்ற எளிது. ரொறன்ரோக் கோவில் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கும் பளிங்குப் பலகைகளில் உபயகாரர் பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

எஞ்சுவது முகூர்த்தம். சோதிடர் குறித்த நாளும், பனிக்கு முன் முடியும் கோடையும், அனுமதி காலாவதியாகும் தேதியும் ஒன்றையொன்று நெருக்கும்போது, வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்ற ஒன்டாரியோவின் பொது விதி முதலில் மறக்கப்படுகிறது. குறித்த நாளைத் தவறவிடுவது தெய்வக் குற்றம் என்ற அச்சமே அந்த மறதிக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் பெரியபுராணத்தில், காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவனின் கனவில் தோன்றி, அவன் குறித்த நாளை வேறொரு நாளுக்கு மாற்றச் சொன்னவர் அக்கோவிலுக்கு எழுந்தருள வேண்டிய சிவபெருமானே. பொருளில்லாத பூசலார் நின்றவூரில் மனத்துக்குள் கட்டிய கோவிலுக்கு அன்று போக வேண்டியிருந்ததே அவர் சொன்ன காரணம். பல்லவன் நாளை மாற்றினான். மாற்றியதோடு நில்லாமல், அந்தக் கோவிலைக் கட்டியவரைத் தேடி நின்றவூருக்கே போனான்.