தேவகி கேட்ட அறுவர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசை, திருமழிசைப்பிரான் திருவவதாரம் செய்தருளிய மஹீஸார க்ஷேத்திரம். பார்க்கவ மகரிஷியின் தேவியார் பன்னிரு மாதம் சுமந்து ஈன்றது அவயவமற்ற பிண்டமே என்றும், பெற்றோர் அதனைப் புதரடியில் விட்டகன்றனர் என்றும், எம்பெருமான் கடாக்ஷத்தால் அது உயிர்பெற்று ஆழ்வாராயிற்று என்றும் குருபரம்பரை கூறும். தைமகத்தன்று இவ்வைபவத்தைக் கேட்டு உள்ளம் குளிர்கிறோம். ஆயினும், ஆவடியிலோ அம்பத்தூரிலோ நிறைமாதத்தில் உயிரற்ற சிசுவை ஈன்று வெறுங்கையுடன் வீடு திரும்பிய பெண்ணிடம் இதனை ஆறுதலாகச் சொல்லல் தகாது என்பது நம் துணிபு. அப்பிண்டம் எழுந்தது, அவள் குழந்தை எழவில்லை.

அவளுக்குத் துணையாவாள் தேவகி. ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தம் 85ஆம் அத்தியாயத்தைக் காண்க. குருவின் மாண்ட மைந்தனைக் கண்ணன் மீட்டளித்ததைக் கேட்டிருந்த தேவகி, பிறந்தவுடன் கம்சன் கொன்ற தன் அறுவரையும் காணவேண்டுமென்று இரந்தாள். ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஸர்வேஸ்வரனும் பலராமனும் புதல்வராய் எதிரே நிற்கின்றனர். 'நாங்கள் இருக்க அவர்கள் எதற்கு' என்று கண்ணன் கேட்டிலன், மறக்கச் சொல்லவுமில்லை. தமையனுடன் சுதலம் சென்று, மஹாபலியிடமிருந்து அறுவரையும் அழைத்து வந்தான். கண்டமாத்திரத்தில் அவளுக்குப் பால் சுரந்தது. மடியிலிட்டு ஊட்டினாள். பின்னர் அவர்கள் தேவருலகம் சென்றனர், தங்கவில்லை. தங்காதவர்களையும் ஒருமுறை எடுத்தணைக்கத் தாய்க்கு இசைந்தான் எம்பெருமான்.

குலசேகரப்பெருமாளோ, பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தாமே தேவகியாகிப் புலம்புகிறார். அங்கே மகன் உயிரோடிருக்கிறான். ஆயினும் தாலாட்டப் பெறாத நாட்கள், பாலூட்டப் பெறாத நாட்கள் திரும்பவில்லை. 'அடுத்தது பிறந்தால் எல்லாம் சரியாகும்' என்பவர்கள் இதனை ஒருமுறை ஸேவிக்கலாம்.

சிசுவுக்குத் தகனமில்லை, பதின்மூன்று நாள் கிரியையில்லை. ஆதலால் துக்கம் கேட்க வருவாருமில்லை. தகப்பனார் ஒரு துணிப்பொதியுடன் இடுகாடு சென்று மீள்கிறார். அவரை எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. சாஸ்திரம் சுருக்கியது கிரியையை மட்டுமே. வங்கியில் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்த பழக்கத்தால் ஒன்று சொல்கிறோம்: 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 'குழந்தை' என்னும் சொல்லில் உயிரற்றுப் பிறந்ததையும் அடக்கியது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் அதனைப் 'பிறப்பு' என்றே கொள்கிறது. சட்டம் எண்ணியதை உறவினர் எண்ணாதிருப்பது விந்தை.

பிரசவித்த இரண்டு மூன்று நாட்களில் பால் கட்டும். சிசு இல்லையென்று உடல் அறியாது. வெட்கத்தால் மறைத்து வலியில் தவிக்கவிடாமல், வீட்டுப் பெரியோர் உடனே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். குழந்தையின் முகத்தை ஒருமுறை காண அவள் விரும்பினால், 'பார்த்தால் மறக்காது' என்று தடுக்கவும் வேண்டாம். எப்படியும் மறக்காது.

சீமந்தத்திற்கு வந்து உண்டவர்கள் இதற்கும் வரவேண்டும். வந்து, என்ன உண்டாள், எங்கே போனாள் என்று விசாரியாமலும், பூர்வகர்மம் பேசாமலும் அருகில் அமர்ந்தால் போதும். பெயர் நினைத்து வைத்திருந்தார்களாகில் அப்பெயரைச் சொல்லலாம். உடல் தேறியபின், அவள் இசைந்தால், திருநின்றவூருக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பிராட்டியின் திருநாமமே என்னைப் பெற்ற தாயார். அடுத்த பிள்ளைக்காக வேண்டிக்கொள் என்று தூண்டாமல், அந்த ஸந்நிதியில் அவளைச் சற்றுநேரம் தனியே விடுங்கள்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.