பறிக்காத பூக்களின் நந்தவனம்

எங்கள் மருங்காபுரிப் பக்கம் வானம் பார்த்த பூமி. விராலிமலை வழியாக வந்து, காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் கை தானாகக் குவிந்துவிடும். தண்ணீருக்கு ஒரு கும்பிடு, திருவரங்கக் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு.

ஒருநாள் பெரிய பெருமாளைத் திருவடி தொடங்கித் திருமுடி வரை சேவித்துவிட்டு, மேலூரை ஒட்டிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனோம். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் அரங்கனுக்கு மாலையாகச் சூழ்ந்த தீவு இது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் பெயரைத் தாங்கிய காப்புக்காட்டில், 25 ஏக்கருக்கு மேல் பரந்த இப்பூங்காவை 2015-இல் திறந்தார்கள். நூறு வகைகளுக்கு மேல் வண்ணத்துப்பூச்சிகள் இங்கே பதிவாகியுள்ளன.

உள்ளே போனால் வெயிலுக்கே சிறகு முளைத்திருந்தது! நீலம், கறுப்பு, மஞ்சள், குங்குமச் சிவப்பு. எத்தனை திருக்கோலம், எத்தனை புறப்பாடு! என் வாய் அரங்கா, அரங்கா என்றே அரற்றியது.

தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்து, துளசியும் பூவும் தொடுத்துப் பெருமாளுக்குச் சாத்திய ஊர் இது. இந்தப் பூங்காவும் நந்தவனம்தான். இங்கே யாரும் பூப் பறிப்பதில்லை. ஆனாலும் ஒரு பூகூட அவனுக்குப் போகாமல் இல்லை. சந்நிதியில் பள்ளிகொண்டவனே இந்தச் சிற்றுயிர்களுக்குள் அந்தர்யாமியாக இருந்து தேன் பருகுகிறான்.

பாதையோர எருக்கில் வரிவரியாக ஒரு புழு. எருக்கம்பால் நஞ்சு. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியோ அந்த இலையைத் தேடித்தான் முட்டையிடும். புழு அதையே தின்று வளரும். நஞ்சு உடம்பில் தங்கிக் காவலாகும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. ஊர் ஒதுக்கிய செடியை ஒரு புழுவுக்கு அன்னமாகவும் கவசமாகவும் வைத்தானே, அந்தக் கருணையை எண்ணிக் கண் நிறைந்து நின்றேன். எங்கள் வறண்ட மண்ணிலும் எருக்குக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் அவன் கருணைக்கும் பஞ்சமில்லை!

அரங்கனைச் சேவிக்க வரும் அன்பர்களே, பிள்ளைகளை இங்கேயும் கூட்டி வாருங்கள். வீடு திரும்பியதும் கொல்லையில் வண்ணத்துப்பூச்சிகளுக்காக ஓர் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வையுங்கள். இலையைப் புழு அரித்தால் மருந்தடிக்காதீர்கள். அது பெருமாள் அமுது செய்தருளிய இலை.